அம்மாவை வராதே என்று சொன்ன மதியம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆவி, பேய், காத்து கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. அப்படி வளர்த்தவளே என் அம்மாதான். காலனியில் யாராவது அந்தப் பேச்சை ஆரம்பித்தால், செத்தவங்க எல்லாம் கர்த்தர்கிட்ட தூங்கினு கீறாங்க, அவங்களுக்கு உன் ஊட்டாண்ட இன்னாம்மா வேலை என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். அவளைப் பற்றியே இப்படி ஒன்றை எழுத வேண்டிவரும் என்று நான் நினைக்கவில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவன். மண்ணூர்பேட்டையில் ஒரு அட்டைப் பெட்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

எங்கள் வீடு பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்பக்கம் இருக்கிற காலனியில். அம்மா பெயர் எஸ்தர். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார், ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்துத்தான் அம்மா என்னை வளர்த்தாள். எங்கள் சபையில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள், அது கர்த்தருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவும் அவளுடைய தோழி ராணி அக்காவும் ஒரு வெள்ளைத் துணிப்பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அதை வாங்கி வருவார்கள். பாஸ்டர் ஐயாவிடம் கேட்டு அம்மா அந்த அரிசியை நோயாளிகளுக்கென்று ஆக்கிவிட்டாள். காலனியில் யார் படுத்தாலும், கோயிலுக்குப் போகிறவரா சர்ச்சுக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்க்காமல், பூண்டும் வெந்தயமும் போட்டுக் கஞ்சி வைத்துத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போவாள். அந்தக் கஞ்சியைக் குடித்துப் பிழைத்து எழுந்தவர்கள்தான் அதிகம். பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்கள் பக்கத்தில் கடைசிவரை உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஸ்பூனால் உதட்டை நனைத்துக்கொண்டே ஜெபம் பண்ணுவாள். பெண்ணாக இருந்தால் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிடுவதும் அவள்தான்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கதவு அகலத் திறந்து கிடந்தாலும் வாசலிலேயே நின்று, ஸ்தோத்திரம்மா, வரலாமா என்று கேட்பாள். உள்ளேயிருந்து யாராவது வாங்க என்று சொல்ல வேண்டும், சொன்னால்தான் படி ஏறுவாள். மழையோ வெயிலோ, சொல்கிறவரைக்கும் நிற்பாள்.

அவள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குக் கிளம்பி, தலை வாரி, செருப்புப் போடக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். தன் உதட்டை நனைக்க அவள் யாரையும் ஸ்பூன் தூக்க வைக்கவில்லை.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்றால் என் கூச்சத்தில்தான். அம்மா போன பிறகும் சனிக்கிழமை சாயங்காலம் பழக்க தோஷத்தில் பெண்கள் அரிசியைப் பொட்டலம் கட்டி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். இனி வேண்டாம், சர்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. எடுத்து அம்மாவின் அரிசி டின்னில் கொட்டிக்கொண்டே வந்தேன். இரண்டு மாதம் ஆகியும் டின் பாதிக்கு மேல் ஏறவில்லை. என் மனைவி ஷீலா யாருக்கோ கொடுக்கிறாள் என்று நான் இருந்துவிட்டேன், நான் கொடுக்கிறேன் என்று அவள் இருந்துவிட்டாள். ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டுக்கொண்டபோது இரண்டு பேரும் கொடுக்கவில்லை என்று தெரிந்தது. எலி என்றேன். மூடி போட்ட டின்னில் எலியா என்றாள் அவள்.

அந்த வாரம்தான் டெய்லர் வேதமணி ஐயா இறந்தார். நாலு நாளாகத் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்த மனுஷன், காலையில் மகனைக் கூப்பிட்டு, எஸ்தரம்மா கஞ்சி எடுத்தாந்தாங்க, வயிறு ரொம்பிச்சு என்று சொல்லியிருக்கிறார். மதியத்துக்குள் உயிர் போய்விட்டது. அவருடைய மகன் என்னிடம் சொல்லும்போது அழவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னான். அடுத்து ஒரு கிழவி, அதற்கடுத்து ஈரல் கெட்டுப்போன ஒரு ஆள், அவர் எங்கள் சபைகூட இல்லை, மாரியம்மன் கோயிலில் உடுக்கை அடிப்பவர். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள், எஸ்தரம்மா வாசலில் நின்று கேட்டார்கள், வாங்க என்றோம், வந்து கஞ்சி கொடுத்தார்கள். சொன்ன அன்றே அவர்கள் உயிர் போய்விட்டது.

நம்புங்கள், எனக்கு அப்போது பயமே வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து சர்ச்சில் எழுந்து நின்று பேசாதவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து, எங்க அம்மா இன்னும் ஊழியம் பண்றாங்க என்று சாட்சி சொன்னேன். பாஸ்டர் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் முனுசாமி இதைக் கேள்விப்பட்டு ஒரு வாரம் என்னை விடவில்லை. "இன்னா மோசே, எங்கூட்டுப் பெருசுங்க உயிரோட இருக்கும்போதே ஒரு வேலையும் பாக்காதுங்க, உங்கம்மா செத்தும் டூட்டிக்குப் போறாங்களே" என்று பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கார்த்திகை மழையில் ஷீலாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே வருகிறது, நாளைக் காலையில் இன்னொரு தரம் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், இன்னும் இறங்கியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்குக் கூட்டி வந்து படுக்க வைத்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான், அவ்வளவுதான். மூன்று நாளாக அவள் எதையும் சாப்பிடவில்லை, எதைக் கொடுத்தாலும் வாந்தி.

மறுநாள் வரை காத்திருக்க வேண்டிய அந்த மதியம்தான் அது நடந்தது. மூன்று மணி இருக்கும். வானம் கறுத்து, கரண்ட் போய், காற்று நின்றுபோயிருந்தது. முனுசாமி அண்ணாத்தே வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அவர் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"மோசே, நான் குடிக்கல," என்றார். "தெரு முனையில உங்கம்மா நின்னுகினு கீறாங்க. கையில தூக்கு கீது. இந்தப் பக்கந்தான் பாத்துகினு கீறாங்க."

சொல்லிவிட்டு என் பதிலுக்குக்கூட நிற்காமல் அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன், ஜன்னலையும் சாத்தினேன். திரும்பும்போதே வாசனை வந்துவிட்டது. பூண்டும் வெந்தயமும் வெந்த வாசனை, சாத்திய கதவின் கீழிருந்து வந்தது. எங்கள் அடுப்பு பற்றவைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

மூன்று நாளாகத் தலையைத் தூக்காத ஷீலா, அந்த நேரத்தில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அத்தை வந்துக்கீறாங்க," என்றாள். "பசிக்குதுங்க. உள்ள கூப்பிடுங்க."

நான் அசையவில்லை. நான் கூப்பிடாவிட்டால் என்ன, அவளுக்கும் வாய் இருக்கிறதே. வாங்க என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள், நான் ஓடிப்போய் என் கையால் அவள் வாயைப் பொத்தினேன். காய்ச்சலில் கிடந்த பெண், எலும்பும் தோலுமாக இருந்தவள், என் கையைப் பிய்த்துக்கொண்டு திமிறினாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. பொத்திய கையை எடுக்காமலேயே கதவைப் பார்த்துச் சொன்னேன். என் ஆயுளில் அம்மாவிடம் குரல் உயர்த்தியது அது ஒருமுறைதான்.

"அம்மா, வராத. இந்த ஊட்டுக்கு வராத. நான் கீற எடத்துக்கே வராத. போயிடு."

எனக்கு வெளியே ஒரு சத்தமும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஷீலாவின் உடம்பு தளர்ந்தது. கையை எடுத்தேன். "சரிப்பான்னு சொல்லிட்டுப் போறாங்க, பாவம்," என்று முனகிவிட்டுப் படுத்துத் தூங்கிப்போனாள். அதன் பிறகுதான் மழை கொட்டியது. சாரல் வாசல் முழுக்க அடித்தது. மழை விட்டதும் கதவைத் திறந்தேன். படி சிமெண்ட் பூராவும் நனைந்து கறுத்துக் கிடந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு வட்டம், ஒரு தூக்கின் அடிப்பக்கம் அளவுக்கு, உலர்ந்து வெளுத்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

மறுநாள் ரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் ஏறியிருந்தது. ஒரு வாரத்தில் அவள் எழுந்து நடமாடினாள். அந்த மதியம் நடந்தது ஒன்றும் அவளுக்கு நினைவில் இல்லை, நானும் சொல்லவில்லை. முனுசாமி அண்ணாத்தே அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை, என்னைக் கேலி செய்வதையும் விட்டுவிட்டார். அரிசி டின் மூன்றே வாரத்தில் நிரம்பி வழிந்தது. அதைத் தூக்கிக்கொண்டுபோய் சர்ச்சில் வைத்துவிட்டு, இனி இங்கேயே கொடுக்கச் சொல்லுங்கள் ஐயா என்று பாஸ்டர் ஐயாவிடம் ஒருவழியாகச் சொன்னேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன கோடையில் ராணி அக்கா படுத்துவிட்டார். அம்மாவோடு பை பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர். புற்றுநோய். டாக்டர்கள் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உயிர் போகாமல் மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்தது, அந்த முனகலைத் தெருவில் நடக்கிறவர்கள் கேட்கக்கூட முடியவில்லை. எஸ்தர் இன்னும் வரலையே, எஸ்தர் இன்னும் வரலையே என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு, பெண்கள் எல்லாம் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது, ஷீலா வற்புறுத்தியதால் நானும் போனேன். சுவர் ஓரமாக நின்றேன்.

ராணி அக்கா கண்ணைத் திறந்து என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"மோசே, அம்மா வாசல்ல நின்னுகினே கீறாங்க. வான்னு சொல்லு."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தக் கூச்சத்திலும் சொன்னேன், வாம்மா என்று சத்தமாகவே சொன்னேன். வெயிலில் வாசல் வெறுமனே கிடந்தது. ராணி அக்கா தலையை ஆட்டினார்.

"மாட்டேன்றாங்க. நீ கீற எடத்துக்கு வராதன்னு சொன்னியாமே." மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "ஏன்டா அப்டி சொன்ன? போடா. நீ வெளிய போ."

நான் அந்த மதியத்தைப் பற்றி எவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், ஒருவரிடமும் இல்லை.

பின்கட்டு வழியாக வெளியே வந்தேன். எங்கே போவதென்று தெரியாமல் ஏரிக்கரைக்கு நடந்தேன். கரைமேல் ஏறுவதற்குள் சர்ச்சில் சாவு மணி ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. திரும்பி வந்தபோது ராணி அக்காவின் மகள் என்னிடம் சொன்னாள், நீ போன கொஞ்ச நேரத்துல அம்மா வாயத் தொறந்து எதையோ முழுங்குனாங்கண்ணா, ரெண்டு வாய், அப்புறம் சிரிச்ச மாதிரியே போயிட்டாங்க. சொல்லிக்கொண்டே தன் அம்மாவின் முகவாயை முந்தானையால் துடைத்துவிட்டாள். அறையில் பூண்டு வாசனை இருந்ததா என்று நான் மூச்சு இழுத்துப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து உயிர் இழுத்துக்கொண்டிருக்கிற வீட்டுக்குள் நான் போவதில்லை. கூச்ச சுபாவம், வாசலோடு நின்றுவிடுவான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அம்மா சாவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாளா, தனியாகப் போகிறவர்களுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாளா, எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. ஷீலாவுக்கு ஒருநாள் அந்த நேரம் வந்தால் நான் எழுந்து வெளியே போய்விட வேண்டும், அதற்கு மனதைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். எனக்கு அந்த நேரம் வரும்போது நான் எழுந்து எங்கே போவது என்பதுதான் புரியவில்லை.