சராசரிக்கு மூஞ்சி கிடையாது

முதலில் என் மகள் வயிற்றுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூத்த பேரன் சொந்தமாக ரிக் வண்டி வாங்கி ஆந்திராவில் தண்ணீருக்குப் போர் போடுகிறான். பேத்தி வித்யா சேலத்துக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் பாடம் எடுக்கிறாள். சின்னவன் நவீன் கனடாவில் இன்ஜினியர். ஐந்தாவதோடு படிப்பு நின்ற எனக்கு இணையத்தில் இந்தப் பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

போன வெள்ளிக்கிழமை, பாடம் எடுப்பவர்களின் வீட்டாரும் வந்து வகுப்பில் உட்காரலாம் என்று வித்யாவின் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். மல்லசமுத்திரத்தில் காலை ஏழரைக்குப் பஸ் ஏறினேன். ஆட்டையாம்பட்டியில் ஐம்பது ரூபாய்க்கு முறுக்கு வாங்கினேன்.

"ஆருக்குங்கம்மா முறுக்கு?" என்றார் கண்டக்டர்.

"பேரனுக்குங்க" என்று வாயில் வந்துவிட்டது. போனதோ பேத்தியைப் பார்க்க.

வகுப்பில் வித்யா பலகையில் இரண்டு போர்க்குழி வரைந்தாள். ஒன்றில் இருநூறு அடியில் தண்ணீர், இன்னொன்றில் எண்ணூறில். நடுவில் ஐந்நூறு அடி ஆழத்தில் ஒருவன் காலிக் குடத்தோடு நாக்குத் தள்ளி நிற்கிறான். அதுதான் சராசரியாம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏஞ்சாமி, நீ மாசம் ரெண்டு வாட்டி ஊட்டுக்கு வார. நவீன் நாலு வருசமா வாரதே இல்ல. சராசரி எத்தன?"

"ஒண்ணுங்க அம்மாயி. மாசம் ஒருக்கா ஒரு பேரப்புள்ள உங்க ஊட்டுக்கு வருது" என்று, எங்கள் வாசலில் இலை போட்டு உட்கார்ந்த ஓர் உருவத்தை வரைந்தாள். பாதிக்குச் சடை, பாதிக்கு மீசை. வகுப்பே கைதட்டியது. நானும் சிரித்தேன்.

"மூஞ்சிய உட்டுப்போட்டயே கண்ணு?"

"சராசரிக்கு மூஞ்சி கிடையாதுங்க அம்மாயி."

சொல்லிவிட்டு அவளே பலகையைத் துடைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. வெயிலுக்கு முன் கிளம்பிவிடுங்கள். ஆட்டையாம்பட்டியில் ஜன்னல் பக்கமே முறுக்கு வரும், இறங்க வேண்டாம். நான் வாங்கியது இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

நவீன் சாமி, இந்தப் பக்கத்தின் மேலே இருக்கும் உன் படம் நீ விமானம் ஏறிய அன்று எடுத்தது. இப்போது தாடி விட்டிருக்கிறாயாம், வித்யா சொன்னாள். புதுசாக ஒன்று எடுத்துப் போடு. மூஞ்சி தெரிகிற மாதிரி.