சேமிக்கும் பொத்தான் இருந்த இடத்தில்

என் கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது வலைப்பதிவின் எடிட்டரை மாற்றிவிட்டார்கள். பெண் வீட்டார் மண்டபத்தை மாற்றியிருந்தால்கூட நான் அவ்வளவு கத்தியிருக்க மாட்டேன்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கீழ்க்கட்டளையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் முன்னறையில், அம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் என் கம்ப்யூட்டர் இருந்தது. தமிழில் வலைப்பதிவு எழுதிய நாங்கள் எல்லோரும் அப்போது ஒரே தெருக்காரர்கள் மாதிரி. எங்கள் புதுப் பதிவுகளையெல்லாம் திரட்டி ஒரே பக்கத்தில் காட்டும் தளங்கள் இருந்தன. அங்கே தலைப்பு ஏறியதும் ஓடிவந்து, பதிவைப் படிக்காமலே 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று பின்னூட்டம் போட ஆட்கள் இருந்தார்கள். போட்டவருக்கும் பெருமை, வாங்கியவருக்கும் பெருமை.

பழைய எடிட்டர் ஒரு வெள்ளைப் பெட்டி, அவ்வளவுதான். கீழே இரண்டு பொத்தான்கள். இடது பக்கம் சேமிக்க, வலது பக்கம் வெளியிட. கண்ணைக் கட்டிவிட்டாலும் என் கை சரியான இடத்துக்குப் போகும்.

அந்தச் சனிக்கிழமை காலை திறந்தால் எல்லாம் தலைகீழாகக் கிடந்தது. நான் ஒரு வரி விட்டால் அது மூன்று வரி விட்டது. சரியென்று அதை அழித்தால் ஆறு பத்திகளையும் ஒன்றாக ஒட்டி ஒரே கட்டியாக்கியது. நோட்பேடில் அடித்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து ஒட்டினால் வரிசையாகக் கட்டம் கட்டமாக நின்றது. மேலே மட்டும் ஆங்கிலத்தில், உங்கள் எழுத்து வேலையை எளிதாக்கியிருக்கிறோம் என்று சிரித்துக்கொண்டிருந்தது. யார் கேட்டார்கள்? நான் கேட்டேனா? இதையெல்லாம் வாய்விட்டே கேட்டேன். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, கல்யாணக் களை இப்படியா முகத்தில் வரும் என்றாள்.

வேறு நாளாக இருந்தால் விட்டுத் தொலைத்திருப்பேன். அன்றைக்குக் கல்யாண அழைப்பைப் பதிவாகப் போட்டே ஆகவேண்டும். அந்த நாட்களில் நான் ஒரு நிலையில் இல்லை. பெட்ரோல் பங்கில் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரித்தேன். கூடுவாஞ்சேரி என்று பஸ்ஸில் பெயர்ப் பலகையைப் பார்த்தாலே உள்ளே ஏதோ துள்ளியது. பெண் அந்த ஊர், மண்டபமும் அங்கேதான். எல்லோரையும் கூப்பிட வேண்டும், ஒருவர் விடாமல். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் அந்தப் பதிவு ஒரே ஒருவனுக்காக.

அவன் என் கல்லூரி நண்பன். கிழக்குத் தாம்பரத்தில் அவன் அத்தாவின் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை அவன்தான் பார்த்துக்கொண்டான். எனக்குத் தமிழ் அடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். மற்ற பதிவர்களெல்லாம் ஆங்கிலத்தில் ammaa என்று அடித்து அம்மாவை வரவழைப்பார்கள். இவனுக்கு அது பிடிக்காது. தமிழ் எழுத்துக்கென்றே தனி வரிசை இருக்கிறது, k இருக்கும் இடத்தில் ம, h இருக்கும் இடத்தில் க, அதைத்தான் பழகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். என் கீபோர்டில் ஒவ்வொரு கீயின் மேலும் குட்டிக் குட்டியாகத் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தான். எனக்குத் தெரிந்த பதிவர்களில் இப்படி அடித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒரே பைக்கில் குன்றத்தூர் போவோம். நான் மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு வரும்வரை அவன் அடிவாரத்து டீக்கடையில் நோட்டைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டிருப்பான். அங்கே எழுதிய ஒரு சிறுகதையை முதலில் என்னிடம்தான் காட்டினான். நான் நல்லாருக்கு என்றேன். அவன் அதைத் தன் வலைப்பதிவில் போட்டான். அன்று மாலை எனக்கு என்ன பிசாசு பிடித்ததோ, பெயர் போடாமல் போய், 'இதெல்லாம் ஒரு கதையா?' என்று பின்னூட்டம் போட்டேன். வெறும் விளையாட்டு. ஆனால் என் பின்னால் இருபது பேர் வந்து கும்மியடித்தார்கள். இரண்டு நாளில் அவன் பின்னூட்டப் பெட்டியையே மூடினான்.

அடுத்த ஞாயிறு அதே டீக்கடையில், அது நான்தான்டா என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவனும் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"உன்கிட்ட காட்டிட்டுதானே போட்டேன். அன்னிக்கு நல்லா கீதுன்னு சொன்னியே."

எழுந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டான். ஒரு வருஷம் ஆகப்போகிறது, பேச்சு இல்லை. அதன் பிறகு அவன் கதை எதுவும் எழுதவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் கவரில் அவன் பெயரைத்தான் எழுதினேன். நெருங்கியவர்களுக்கு அதைத் தபாலில் அனுப்ப முடியாது, நேரில் போய்க் கையில் கொடுக்கவேண்டும். இரண்டு முறை அவன் கடை வழியாகப் போனேன். இரண்டு முறையும் பைக்கை நிறுத்தத் தைரியம் வரவில்லை. கவர் பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியிலேயே கிடந்து மூலை மடங்கியிருந்தது.

அதனால்தான் அந்தப் பதிவு. அவன் எழுதாவிட்டாலும் படிப்பான் என்று எனக்குத் தெரியும்.

எடிட்டரோடு மல்லுக்கட்டி, ஒட்டுவதை விட்டுவிட்டு நேரடியாக அதிலேயே அடித்தேன். நாள், நேரம், மண்டபம், ஸ்டேஷனில் இறங்கினால் எந்தப் பக்கம் வரவேண்டும், எல்லாம் எழுதினேன். வருகிறவர்கள் எழுதிப்போட ஈமெயில் முகவரி கொடுக்க ஆங்கிலத்துக்கு மாறினேன். திரும்பத் தமிழுக்கு வர வழக்கமான கீயை அழுத்தினால், அந்தப் புது எடிட்டர் அதைத் தனக்கான கட்டளை என்று எடுத்துக்கொண்டு படம் சேர்க்கும் பெட்டியைத் திறந்தது. திட்டிக்கொண்டே அதை மூடினேன். தமிழ் வந்துவிட்டதா என்று பார்க்கவில்லை.

பிறகு தலையைக் குனிந்து, ஸ்டிக்கர்களை மட்டும் பார்த்து, கடைசிப் பத்தியை அடித்தேன். அதை அடிக்கும்போது திரையைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. உன் கதை நல்லாத்தான் இருந்தது, அன்றைக்கு உன்னிடம் சொன்னதுதான் நிஜம், பின்னூட்டம்தான் பொய், நீ வராமல் நான் மணமேடையில் உட்கார்ந்து என்ன செய்ய, என்று எழுதினேன். இதை ஊரறியப் போடுவதா என்று தீர்மானிக்கவில்லை. இப்போதைக்குச் சேமிப்போம், மாலையில் பார்ப்போம் என்று தலையை நிமிர்த்தாமலே மவுஸைப் பிடித்தேன். கை தானாக இடது பக்கம் போய் அழுத்தியது.

இடது பக்கம் இப்போது வெளியிடும் பொத்தானை வைத்திருந்தார்கள்.

உங்கள் பதிவு வெளியாகிவிட்டது என்று திரை வாழ்த்துச் சொன்ன அந்த நொடியில் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, மாலைவரை வராது. காலைப் பேப்பரில் போட்டிருந்ததாக அம்மா நிதானமாகச் சொன்னாள். என் மானமும் போய், அவன் கதை பட்ட அவமானத்தையும் மறுபடி தெருவுக்கு இழுத்துவிட்டேன். அதே இருபது பேர் திரும்ப வருவார்கள்.

பைக்கை எடுத்துக்கொண்டு மேடவாக்கத்துக்கு ஓடினேன். அங்கே கரண்ட் இருந்தது. கூட்ரோடு பக்கத்து பிரவுசிங் சென்டரில் கடைசிக் கேபின்தான் காலி. பதிவைத் திறந்தேன். மேலே அழைப்பு அழகான தமிழில் இருந்தது. ஈமெயில் முகவரி இருந்தது. அதன் கீழே என் கடைசிப் பத்தி, dif hlr என்று ஆரம்பித்து ஏழெட்டு வரிக்கு ஒரே கிறுக்கல். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

கீழே பதினாறு பின்னூட்டங்கள். முதலில் 'மீ த ஃபர்ஸ்ட்டு'. அடுத்தவர் என் வீட்டுப் பூனை கீபோர்டில் நடந்ததா என்று கேட்டிருந்தார். இன்னொருவர், மாப்பிள்ளைக்கு இப்போதே கை நடுங்குகிறது, தாலி கட்டும்போது யாராவது பிடித்துக்கொள்ளுங்கள் என்றிருந்தார். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கு அந்தக் கேபினில் எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. அந்தப் பாழாய்ப்போன எடிட்டரைக் கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது.

பத்தியை அழிக்கப் போனபோதுதான் பதினாறாவது பின்னூட்டத்தைப் பார்த்தேன். பெயர் இல்லை.

k[[qif jllsmshr vmnr

சென்டர் கீபோர்டில் ஸ்டிக்கர் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு என் வீட்டுக் கீபோர்டை நினைவுக்குக் கொண்டுவந்தேன். k என்றால் ம. அடுத்து இருந்த அடைப்புக்குறி ச. மச்சான். முதல் வார்த்தை வந்ததுமே கண் கலங்கிவிட்டது, மிச்சத்தை விரல்விட்டு எண்ணித்தான் கண்டுபிடித்தேன்.

மச்சான், பத்திரிகை வரலை.

நான் எதையும் அழிக்கவில்லை. வேளச்சேரி ரோட்டில் தாம்பரத்துக்கு எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவன் கடையில் கல்லாவுக்குப் பின்னால் பிரேக் கேபிள் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் சுற்றுவதை நிறுத்தவில்லை. கவரின் மடங்கிய மூலையைத் தேய்த்து நிமிர்த்தி, இரண்டு கையாலும் நீட்டினேன். கேபிளை வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். பத்திரிகையைப் பிரித்து, பெண் பெயர், என் பெயர், கீழே பொடி எழுத்தில் இருந்த என் மாமா பெயர்வரை ஒரு வரி விடாமல் படித்தான்.

"நல்லா கீது," என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. பத்திரிகையைக் கவருக்குள் போட்டபடி என் முகத்தைப் பார்த்தான்.

"நான் நல்லா கீதுன்னு சொன்னா, நல்லா கீதுன்னுதான் அர்த்தம்."

நான் தலையாட்டினேன். அவன் உள்ளே திரும்பி இரண்டு டீ சொன்னான்.