ராகு காலத்துக்கு முன் ஒரு கையெழுத்து

1. பத்து நிமிடத்தில் பேக்கரி

தாம்பரத்தில் முப்பது வருஷமாக வாடகை அக்ரிமெண்ட் டைப் செய்கிறேன். கடை பிடிப்பவர்கள் வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள், எதிரே சுடுகாடு இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். அக்ரிமெண்டை மட்டும் படிக்க மாட்டார்கள். அது என்னவோ எனக்காக நானே எழுதிக்கொள்கிற கடிதம் என்று நினைப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு ஸ்டெல்லா வந்தார். மறைமலை நகரில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் பத்து வருஷம் உழைத்துச் சேர்த்ததை வைத்து, ராஜகீழ்ப்பாக்கத்தில் பேக்கரி போடப்போகிறார். கூடவே கட்டட ஓனர், ஒரு ரிடையர்டு சார். உட்காரும்போதே வாட்ச்சைப் பார்த்தார்.

"பத்தரைக்கு ராகு காலம். சீக்கிரம் அடிப்பா."

"எனக்கு அதெல்லாம் கெடயாது சார்," என்றார் ஸ்டெல்லா.

"எனக்கு இருக்கேம்மா."

கடைக்கான ஃபார்மட்டைத் தேட எனக்குப் பொறுமையில்லை. கம்ப்யூட்டரில் திறந்திருந்த வீட்டு ஃபார்மட்டில் பெயரையும் விலாசத்தையும் மட்டும் மாற்றி பிரிண்ட் எடுத்தேன். 'குடியிருக்க மட்டும்', 'மொட்டை மாடியில் வடகம் காயப்போடக் கூடாது' எல்லாம் அப்படியே இருந்தது. பத்து இருபத்தெட்டுக்கு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று பேரில் ஒருவரும் படிக்கவில்லை.

2. வடகம் காயாத மாடி

ஸ்டெல்லா டைல்ஸ் ஒட்டினார், கவுன்டர் கட்டினார், ஷட்டர் மாற்றினார். ஓவன் வந்து இறங்கியது. அதற்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் கேட்டு ஈ.பி. ஆபீஸுக்குப் போனால், "இது வீட்டு அக்ரிமெண்ட் மா. கடைக்குன்னா ஓனர் லெட்டர் வேணும்" என்று திருப்பி அனுப்பினார்கள்.

அப்போதுதான் ஓனர் சார் முதல் முறையாக அக்ரிமெண்டைப் படித்தார். படித்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது.

"குடியிருக்கத்தானேம்மா குடுத்தேன்? கடைன்னா வாடகை வேற."

கேட்ட வாடகைக்கு நாள் முழுக்க பன் விற்றாலும் கட்டாது. ஓவன் மறுபடி குட்டி யானை வண்டியில் ஏறியது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கவென்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைக் கொடுத்தார் அந்தப் புண்ணியவான். ஸ்டெல்லா ஒட்டிய டைல்ஸைக் காட்டி அடுத்த மாதமே ஒரு மொபைல் கடைக்குக் கூடுதல் வாடகைக்கு விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் செய்தது அயோக்கியத்தனம். அதற்குப் பேப்பர் போட்டுக் கொடுத்தவன் நான்.

3. புதன் பன்னிரண்டு மணி

எட்டு மாதம் கழித்து ஸ்டெல்லா என்னிடமே வந்தார். கீழ்க்கட்டளையில் வேறு கடை, வேறு ஓனர். புதன்கிழமை பதினொன்றே முக்கால். இந்த முறை கடை ஃபார்மட்டைத்தான் எடுத்திருந்தேன். ஸ்டெல்லா பேப்பரை வாங்கி முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

ஓனர் நெளிந்தார். "இன்னாம்மா, பன்னெண்டுக்கு ராகு காலம் வந்துடும்."

"ராகு காலம் ஒன்றரை மணி நேரம் சார். இந்த அக்ரிமெண்ட் மூணு வருஷம். அண்ணா, பேக்கரிக்குன்னு எழுதுங்க. த்ரீ ஃபேஸுக்கு ஓனர் சம்மதம்னு சேருங்க. காலி பண்ணும்போது ஓவன், கவுன்டர், ஷட்டர் என்னுது."

பன்னிரண்டு அடித்துவிட்டது. ஓனர் பேனாவைத் தொடவில்லை. எழுந்து போகவும் மனசில்லை. வேறு வேலை இல்லாததால் அவரும் ஒரு பிரதியை எடுத்துப் படித்தார். நாலாவது பக்கத்தில் நிமிர்ந்தார்.

"கூரை ஒழுகினா நான்தான் பாக்கணுமா? இதுலயா இத்தினி வருஷமா கையெழுத்து போட்டுகினு இருந்தேன்?"

பேசித் தீர்த்து, ஒன்றரைக்கு மேல் கையெழுத்தானது. ரிஜிஸ்டர் செலவைத் தவிர்க்க எல்லோரும் போடுகிற பதினோரு மாதக் கணக்கெல்லாம் வேண்டாம் என்று ஸ்டெல்லா அதை ரிஜிஸ்டரும் செய்தார். ஓவன் இன்றும் அங்கேதான் எரிகிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். என் மேசையில் ராகு கால அட்டை ஒட்டியிருக்கிறது, கிழிக்கவில்லை. ராகு காலம் தொடங்கிய பிறகுதான் பேப்பரைப் பார்ட்டிகளின் கையில் கொடுக்கிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கு எவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். சும்மா இருக்கிற நேரத்தில் படிக்கட்டும்.