கைராசிக்காரரின் பிளக்

எங்கள் மருத்துவமனையின் கணினி அறையில் என் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கைராசி என்று பெயர். நோயாளிகள் டாக்டரைப் பார்க்க நேரம் பதியும் இணையப் பதிவுப் பக்கம் மக்கர் செய்தால் அவர் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாலே போதும், சரியாகிவிடும். அந்தப் பெயர்தான் அவருக்கு வினையாகிப் போனது.

மனைவியும் ஐந்து வயது மகளும் வேறு ஊரில். அங்குள்ள கிளைக்கு மாற்றல் கேட்டு மூன்று வருடமாகக் கால் தேய நடந்தார். "நீங்க இல்லாம ஒரு வாரம் அந்தப் பதிவுப் பக்கம் ஓடட்டும், மறுநாளே கையெழுத்து போடறேன்" என்பார் மேலாளர். இவர் லீவு சொல்லி, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் தன் கணினியைப் பொறுப்பாக அணைத்துவிட்டு பஸ் ஏறுவார். மறுநாள் காலையிலேயே வரவேற்பு மேஜை அக்கா போன் செய்வார்: "சார், பதிவு பட்டன் மறுபடி செத்துப் போச்சு." அடித்துப் பிடித்து வந்து கணினியைப் போட்டால் எல்லாம் சரியாக இருக்கும். பிழையை எங்கே தேடுவது? போன தடவை மகளின் பிறந்தநாள் கேக்கைக்கூட வெட்டவிடவில்லை, பாவிகள்.

அந்தப் பக்கத்தின் நடுவே டாக்டர் நேரம் காட்டும், ஜன்னல் போன்ற சின்னச் சட்டம் ஒன்று உண்டு. அது வேறு முகவரியிலிருந்து வருவது. உள்ளேயே இருந்தாலும் வெளிப்பக்கத்தைத் தொட முடியாது. சேதி மட்டும் அனுப்பலாம். தெரிந்த முகவரிச் சேதியைத்தான் வெளிப்பக்கம் வாங்கும். 'நேரம் இருக்கிறது' என்று சேதி வந்தால்தான் பதிவு பட்டன் எரியும்.

போன மாதம் ஒரு நாள் அவர் வரவேற்பில் நின்றிருந்தார். என் போனில் சார்ஜ் இல்லை. ஆள் இல்லையே என்று அவர் கணினியின் பிளக்கைப் பிடுங்கி என்னுடையதைச் செருகினேன். என் புத்தி அவ்வளவுதான்.

"ஐயோ, பட்டன் போச்சு!" என்று வரவேற்பிலிருந்து அக்கா அலறினார்.

ஓடி வந்தவர் பிளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ அதைத் திரும்பச் செருகி, கணினி உயிர் பெறும்வரை நின்றார்.

"வந்துடுச்சு சார்! கைராசின்னா கைராசிதான்!" என்று அங்கிருந்தே அக்கா கத்தினார்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பக்கத்தின் நிரலைத் திறந்தார். நம்பலாம் என்று எழுதிய இடத்தில் ஒரே ஒரு முகவரி, அவருடைய கணினியுடையது. மூன்று வருடம் முன்பு சோதனைக்காக அந்தச் சட்டத்தைத் தன் கணினியிலிருந்து ஓட்டியவர், மாற்ற மறந்திருக்கிறார். இவர் கணினி அணைந்தால் சேதி வராது, பட்டனும் எரியாது.

"என்னை யாரும் பிடிச்சு வைக்கல. நானேதான் பூட்டி வெச்சிருக்கேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் வந்தது.

சட்டத்தை மருத்துவமனை சர்வருக்கு மாற்றி, அந்த முகவரியைப் போட்டுவிட்டுக் கணினியை அணைத்தார். பட்டன் எரிந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் லீவு போட்டார். ஆனால் ஊருக்குப் போகவில்லை. கட்டிய பையோடு வாடகை அறையிலேயே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அது அடிக்கவேயில்லை.

எட்டாம் நாள் மேலாளர் கையெழுத்துப் போட்டார். என் பக்கத்தில் நின்றுதான் வீட்டுக்குப் பேசினார்.

"அப்பா வரேன்டா கண்ணு."

மகளின் குரல் எனக்கும் கேட்டது. "சரிப்பா. எப்ப உனக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வரும்?"

"இனிமே வராதுடா" என்றார்.