நிலா வெளிச்சத்தில் பச்சை

துருவத்தை ஒட்டிய இனாரி ஏரிக்கரையில் தபால் வண்டி ஓட்டும் ஐலிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். எதையும் பார்த்துவிட்டுச் சும்மா போக மாட்டாள், ஏன் அப்படி என்று கேட்டாக வேண்டும். ஏரி உறைந்தால் மீனுக்குக் குளிருமா என்று கேட்டே பள்ளிக்கூட வாத்தியாரின் உயிரை வாங்கியவள். அறுபதை நெருங்கியும் அது போகவில்லை. போன குளிர்காலத்தில் அவளைப் பிடித்துக்கொண்ட கேள்வி இது: நிலா வெளிச்சத்தில் நிறமெல்லாம் எங்கே போய்விடுகிறது?

சூரியன் எட்டிப்பார்க்காத அந்த வாரங்களில், பௌர்ணமியை ஒட்டி நிலா மறைவதே இல்லை. மலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வரும். தபால் போடும் வழியெல்லாம் பனி பளபளக்கும், ஆனால் ஊரின் சிவப்புக் கொட்டகைகள் அத்தனையும் கறுப்பாகத் தெரியும். ஒரு நாள் முக்காலியில் காமிராவை நிறுத்தி, அதன் கண்ணை வெகுநேரம் திறந்து வைத்துப் பார்த்தாள். படத்தில் கொட்டகை சிவப்பாக இருந்தது. வானம் நீலமாக இருந்தது. இத்தனை வருஷமும் தன் கண்தான் ஏமாற்றியிருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டினால்தான் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். ஆகவே ஊரே அடுப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கும் நாட்களில்தான் ஐலி காமிராவோடு கிளம்புவாள். மூச்சுப் பட்டால் அதன் கண்ணாடியில் உறைந்துவிடுமென்று மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது.

"ஐலி, எங்க வீட்டு நிலவறையும் இருட்டாத்தான் இருக்கு. வந்து ஒரு படம் எடுத்துட்டுப் போயேன்" என்றான் கடைக்காரன் சூலோ.

"நீ உள்ள போய் நில்லு, வரேன். உன் மூஞ்சிக்கு அந்த வெளிச்சமே ஜாஸ்தி."

வாய் இப்படி ஆடினாலும் அவள் மனசு வீட்டில்தான் இருந்தது. புருஷன் டாவி பஸ் பட்டறையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். அதன் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எல்லாம் கறுப்பு என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வெயில் இல்லாத சோர்வுக்கென்று டாக்டர் கொடுத்த பெரிய வெளிச்ச விளக்கில் சாக்ஸ் காயவைத்தான். இந்த முறை வசந்தம் வந்தாலும் எழுந்திருக்க மாட்டானோ என்று ஐலி பயந்தாள்.

கொட்டகைப் படத்தை அவனிடம் காட்டினாள்.

"ஆகஸ்ட்ல எடுத்திருப்ப."

"ஆகஸ்ட்ல எங்கேர்ந்து பனி வரும்?"

"அப்ப மார்ச்சு. பனியும் இருக்கும், வெயிலும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

விடுவாளா அவள்? முற்றத்தில் டாவியின் பழைய லாரி நின்றது. அவனே பழுதுபார்த்துப் பச்சை அடித்தது. அதை எடுக்க வேண்டும், அதற்கு மேலே நட்சத்திரமும் விழ வேண்டும். நட்சத்திரத்தைப் பார்த்த பிறகு பகல் என்று சொல்ல முடியாதல்லவா? நடுராத்திரிக்கு மேல் மேகம் வந்துவிடும் என்று ரேடியோ சொன்னது. விட்டால் அடுத்த பௌர்ணமிதான். லாரியின் மேலிருந்த பனியை மத்தியானமே தள்ளினாள். காமிரா குளிர்ந்தே இருக்கட்டும் என்று கொட்டகையில் வைத்தாள். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துப் பொட்டலம் கொடுக்க வேண்டியிருந்தது.

"காமிரா கொட்டகையில இருக்கு. வந்ததும் உன் லாரியைத்தான் எடுக்கப்போறேன்" என்று டாவியின் முதுகிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால், காமிரா அடுப்போரப் பெஞ்சில் இருந்தது. குளிரில் கிடந்தது திடீரென்று சூட்டுக்குள் வந்ததில், மாவில் புரட்டி எடுத்ததுபோல் மேலெல்லாம் உறைபனி பூத்திருந்தது. அது உருகிச் சொட்டத் தொடங்கியிருந்தது. கண்ணாடிக்கு உள்ளேயும் நீர் கோத்திருந்தது. இனி இரண்டு நாள் காய வேண்டும்.

"யாரு இதை உள்ள கொண்டுவந்தது?"

"நான்தான்" என்றான் டாவி, பக்கத்து நாற்காலியிலிருந்து. "பாட்டரி செத்துடும்ல. இந்தக் குளிர்ல பாட்டரியை யாராவது வெளிய வைப்பாங்களா?"

கார் பாட்டரியை ராத்திரி கழற்றி அடுப்போரம் வை என்று ஊருக்கெல்லாம் காலம் பூராவும் பாடம் எடுத்தவன் அவன்.

"பாட்டரி என் உள்சட்டைக்குள்ள இருக்கு, மடையா. ஒரு மாசமா காத்துக்கிட்டிருந்தேன், எல்லாத்தையும் கெடுத்துட்டியே" என்று கத்தியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். வாசலில் அவனுடைய பூட்ஸ் கிடந்தது. அதிலிருந்த பனி உருகித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"கொட்டகைக்கு நீயே போனியா?"

"பின்ன அது நடந்தா வரும்?"

காமிராவைத் துணியில் சுற்றி ஜன்னலோரம் வைத்தாள். டாவி அவளையும் காமிராவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அது இல்லாம போய்ப் பாக்கக் கூடாதா?"

இருவரும் முற்றத்துக்கு வந்தார்கள். நிலா உச்சியில் இருந்தது. லாரி கரிக்கட்டையாய் நின்றது.

"இப்ப பாத்தா கறுப்பாத்தான் தெரியும்" என்றாள் ஐலி, எங்கே இவன் திரும்பிப் போய்விடுவானோ என்று அவசரமாக. "நம்ம கண்ணுக்கு அவ்வளவுதான் சக்தி. ஆனா படத்துல..."

"பச்சைதான்" என்றான் டாவி. கையுறையால் லாரியின் மூக்கைத் துடைத்தான். "நான் அடிச்ச பெயிண்ட், எனக்குத் தெரியாதா?"

ஐலிக்குக் கால் மரத்துப்போயிருந்தது. உள்ளே போகலாமா என்று அவள் கேட்கவில்லை.