இரண்டு பாலைத் தடிகள்

சாரணர் பாசறை ஒன்றில் மாமா வைத்திருந்த தடக்குறியை நான் எடுத்துப் பற்றைக்குள் எறிந்தேன். அதனால் மாமாவின் மகனுக்கு ஒரு கால் போனது. பிறகு அந்தக் குறி அங்கே இருந்ததா என்று மாமா எல்லோருக்கும் முன்னால் கேட்டபோது, காணவில்லை என்று சொன்னேன். முதலாவதைச் செய்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. இரண்டாவதையும் அதே வயதில்தான் தொடங்கினேன். ஆனால் அதை அறுபது வருடம் விடாமல் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது எழுதக் காரணம், எங்கள் கோயில் பங்கில் சாரணர் அணியை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். பழைய அணியில் இருந்தவர்களில் ஊரில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். மலர் ஒன்று போடுகிறோம், பாசறை நினைவுகளை இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள், பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்று பங்குச் சுவாமி கேட்டார்.

உற்சாகமான நினைவுகளும் இருக்கின்றன. அந்தக் காலத்துப் பங்குச் சுவாமி அணியைத் தொடங்கி, மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த என் தாய்மாமாவைச் சாரண ஆசிரியராக்கினார். கோயில் பெருநாளுக்குப் பந்தல் போடும் படங்குகளே எங்கள் கூடாரங்கள். முதல் நாள் மாமா புத்தகத்தைப் பார்த்து முடிச்சுகளைப் படிப்பிக்கத் தொடங்கினார். முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளைகளான எங்களுக்கு அதில் பாதி, அப்பாமார் வலையில் போடுவதைப் பார்த்துப் பழகியவை. அரை மணித்தியாலத்தில் மாமா புத்தகத்தை மூடிவிட்டு எங்களிடம் முடிச்சுப் பழகினார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடிய ஆசிரியர் அவர்.

எங்களுக்குத் தெரியாதது காடு. ஒரு ஆவணி விடுமுறையில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு குளத்தடியில் நான்கு நாள் பாசறை போட்டோம். கடலில் பயமில்லாத நாங்கள், யானை லத்தியைக் கண்டதும் ஒருவர் காற்சட்டையை மற்றவர் பிடித்துக்கொண்டு நடந்தோம். அந்தக் காட்டில்தான் மாமா எங்களுக்குத் தடம் பார்க்கப் பழக்கினார். கல்லால் இட்ட அம்பு என்றால் இந்த வழி. வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் தடம் முடிந்தது, வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு தடிகளைக் குறுக்காக வைத்திருந்தால், இந்த வழி வேண்டாம்.

தடம் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. அணித் தலைவன் இருபது அடி முன்னால் தனியே போகவேண்டும். எல்லோரும் சேர்ந்து போனால் குறிகள் காலில் மிதிபட்டு அழிந்துவிடும். தலைவன் பார்த்துச் சொல்ல, மற்றவர்கள் பின்னால் வருவார்கள். ஆகவே குறி என்ன சொன்னது என்பது தலைவனுக்கு மட்டுமே தெரியும். அவன் சொல்வதை நம்புவதுதான் மற்றவர்களின் வேலை.

இரண்டு அணிகள் இருந்தன. ஒன்றுக்கு நான் தலைவன். மற்றதுக்கு மாமாவின் மகன், என் மச்சான். மூன்றாம் நாள் காலை தடப் போட்டி. வெல்லும் அணியின் தலைவன் கொழும்பில் நடக்கவிருந்த பெரிய பாசறைக்குப் போகலாம். மச்சான் அதற்கு முன்பே இரண்டு தடவை கொழும்பு பார்த்தவன். நான் மாங்குளம் ரயில் நிலையத்துக்கு அப்பால் ஒன்றும் பார்த்ததில்லை.

எங்கள் அணி முதலில் புறப்பட்டது. அவனுடைய அணி பத்து நிமிடம் கழித்து வரவேண்டும். எடுத்த நேரத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். புறப்படும்போது மச்சான் சத்தமாகச் சொன்னான்.

“டேய் மச்சான், கொழும்பாலை வரேக்கை உனக்கொரு தோடம்பழ இனிப்பு வாங்கியாறன். அழாதை என்ன?”

“முதல்லை நீ குளக்கட்டைத் தாண்டு பாப்பம்” என்றேன். அவனுடைய பையன்கள் சிரித்தார்கள். என்னுடைய பையன்களும் சிரித்தார்கள். அதுதான் கோபம்.

குளக்கட்டைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் அகலமான வண்டில் பாதை. வலப்பக்கம் ஒற்றையடிப் பாதை. வண்டில் பாதையின் வாயில் இரண்டு பாலைத் தடிகள் குறுக்காகக் கிடந்தன. காற்றில் அசையாதபடி மேலே ஒரு கல். ஒற்றையடிப் பாதைக்குள் நாலடி போய்க் குனிந்து பார்த்தபோது மணலில் மாமாவின் சப்பாத்து அடையாளம் தெரிந்தது. என் பையன்கள் இன்னும் வளைவுக்கு அந்தப்பக்கம்தான். நான் கல்லை உருட்டிவிட்டுத் தடிகளைப் பற்றைக்குள் எறிந்தேன். குறி இல்லாவிட்டால் யாரும் அகலமான பாதையில்தான் போவார்கள். கால் மணித்தியாலம் அலைந்துவிட்டுத் திரும்பட்டும் என்று நினைத்தேன். அதற்குமேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை. “வலப்பக்கம் வாங்கோடா, மணலை மிதியாமல் ஓரப் புல்லாலை வாங்கோ” என்று பையன்களைக் கூப்பிட்டேன்.

தடத்தின் முடிவில் ஒரு பாலை மரத்தடியில், மணலில் வட்டமும் புள்ளியும் இருந்தன. புள்ளியைக் கிளறினால் ஒரு தகரப் பேணி. அதற்குள் தோடம்பழ இனிப்பு. பேணி மூடியைத் திறந்துகொண்டிருந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. “ஆரோ பண்டிக்கு வைக்கிறாங்கள்” என்றான் ஒரு பையன். நான் ஒரு இனிப்பை வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்த வண்டில் பாதையில் கட்டுத்துவக்கு இருந்தது. பாதைக்குக் குறுக்கே முழங்காலுக்குக் கீழே மெல்லிய கம்பி இழுத்து, கால் பட்டால் வெடிக்கும்படி மரத்தில் கட்டிவிடும் நாட்டுத் துப்பாக்கி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்தின் கீழ் குடியேறி நெல் விதைத்த ஒருவர், பன்றிக்காகக் கட்டியிருந்தார். அன்று விடிய அவர் பாசறைக்கு வந்து மாமாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

“மாஸ்டர், வண்டில் பாதையிலை துவக்குக் கட்டியிருக்கிறன். பின்னேரம்தான் கழட்டுவன். பிள்ளையளை அந்தப் பக்கம் விடாதேங்கோ. ஆருக்கும் சொல்லிப் போடாதேங்கோ, பொலிசுக்குத் தெரிஞ்சால் என்ரை கதை முடிஞ்சுது.”

துவக்கு என்று சொன்னால் பையன்கள் பார்க்கத்தான் போவார்கள் என்று மாமா நினைத்தார். அது சரியான கணக்குத்தான். ஆகவே எங்களிடம் ஒன்றும் சொல்லாமல், தானே அந்தப் பாதையில் கம்பி வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, கால் அடையாளத்தைக் குழையால் அழித்துவிட்டுக் குறியை வைத்தார். இரண்டு தடிகளையும் ஒரு கல்லையும் நம்பினார். சாரண ஆசிரியர் அல்லாத எவரும் அப்படி நம்பியிருக்கமாட்டார்கள்.

மச்சான் இருபது அடி முன்னால் தனியே வந்ததால் அவனுக்கு மட்டும்தான் பட்டது. குடியேற்றத்திலிருந்து ஒரு உழவு மெஷின் வந்து அவனை ஏற்றிப் போனது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பொலிஸ் சார்ஜனும் சுவாமியும் மாமாவும் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனார்கள். துவக்குக் கட்டியவரும் சார்ஜனின் பிடியில் நின்றார். “நான் மாஸ்டருக்குச் சொன்னனான் ஐயா, அவரைக் கேளுங்கோ” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மாமா மறுக்கவில்லை. அவர் எனக்குச் சொன்னது உண்மை, அதனால்தான் நான் குறி வைத்தேன் என்றார். வண்டில் பாதையின் வாயில் குறி எதுவும் இல்லை. மாமா முழங்காலில் நின்று மணலைத் தடவித் தேடினார். பற்றைக்குள் எட்டிப் பார்த்தார். காடு முழுக்கத் தடிகள். எதை எடுத்து இதுதான் என்று காட்டுவது? பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மருமோன், நீதானே முதல் வந்தனி. ரெண்டு பாலைத் தடி, குறுக்கை. மேலை ஒரு கல்லு. கண்டனி தானே?”

“இல்லை மாமா. நான் காணேல்லை.”

அப்படியென்றால் நீ எப்படிச் சரியான பாதையில் போனாய் என்று சார்ஜன் கேட்டார். மாமாவின் சப்பாத்து அடையாளத்தைப் பார்த்துப் போனேன் என்றேன். அடையாளம் உண்மையில் கிடந்தது. நான் சொன்னதில் அது மட்டும் உண்மை. சுவாமி என் தலையில் கை வைத்து, “கெட்டிக்காரன்” என்றார்.

கொழும்புக்கு ஒருவரும் போகவில்லை. அணி கலைக்கப்பட்டது. படங்குகள் திரும்பவும் பெருநாள் பந்தலுக்குப் போயின. மாமா வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டுப் போனார். வீட்டுக்கு யார் வந்தாலும் குசினிக்குள் இருந்து மாமியின் குரல் கேட்கும்.

“ரெண்டு தடி வைக்கத் தெரியாத மனிசன். ஊர்ப் பிள்ளையளுக்குப் படிப்பிக்குதாம்.”

மச்சான் பதினாறு வயதில் தகப்பனோடு கதைப்பதை நிறுத்தினான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, “உங்கடை மனிசனிட்டைச் சொல்லுங்கோ” என்று தாயிடம் சொல்வான். பிறகு மாங்குளத்தில் றேடியோ திருத்தும் கடை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவதையே விட்டான். மாமா தன் ஞாபகத்தை நம்பாத மனிதரானார். படலையைப் பூட்டிவிட்டு வந்தவர் பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்ப்பார். என்னைக் காணும்போதெல்லாம் ஏதாவது கதைத்துவிட்டு, கடைசியில் மெதுவாகச் சொல்வார்.

“நான் வைச்சனான் எண்டுதான் இருந்தனான், மருமோன். வைக்கேல்லையாக்கும்.”

நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அவர் என் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

பதினைந்து வயதில் வேறொரு பங்குக் கோயிலில், முன்பின் தெரியாத சுவாமியிடம் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஒரு முழுச் செபமாலை சொல்லவும், மாமாவிடம் போய் உண்மையைச் சொல்லவும் அபராதம் தந்தார். செபமாலையை அன்றே சொல்லி முடித்தேன்.

பிறகு சண்டை வந்தது. வன்னியில் கால் இல்லாத ஒரு ஆண், அதைச் சாரணர் பாசறையில் இழந்தவன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வவுனியாவில் சோதனைச் சாவடியில் மச்சானை இரண்டு தடவை பஸ்ஸால் இறக்கி வைத்துக்கொண்டார்கள். பழைய ஆஸ்பத்திரித் துண்டும், கழுத்துப்பட்டியோடு நாங்கள் நின்று எடுத்த ஒரு படமும் எப்போதும் அவன் சட்டைப் பையில் இருந்தன. அந்தப் படத்தில் அவனுடைய தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பவன் நான். என் முகமும் அவனுக்குச் சாட்சியாக இருந்தது.

ஓய்வுபெற்று எங்கள் ஊருக்கே திரும்பி வந்திருந்த மாமா, எல்லோரும் இடம்பெயர்வதற்கு முன்பே இறந்தார். மச்சான் சேமக்காலைக்கு வந்தான். குழியருகில் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றான். எல்லோரும் ஒவ்வொரு பிடி மண் போட்டார்கள். அவன் போடவில்லை. அவனுக்காகவும் ஒரு பிடியை நான் போட்டேன். திரும்பி வந்தபின், சிலுவைகள் விழுந்து பற்றை மூடிக் கிடந்த சேமக்காலையில் மாமாவின் குழியை அடையாளம் கண்டு துப்பரவாக்கியவனும் நான்தான். ஒவ்வொரு வருடமும் ஆத்துமாக்கள் திருநாளுக்குப் புல் செதுக்கி, வெள்ளை மணல் போட்டு, மெழுகுதிரி கொளுத்தினேன். பெற்ற பிள்ளை செய்யாததை மருமகன் செய்கிறான் என்று ஊர் சொன்னது. அதை நான் மறுக்கவில்லை.

மலருக்கு எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. போன மாசி மாதம் பஸ் ஏறி மாங்குளம் போனேன். கடையை இப்போது அவனுடைய மகன் பார்க்கிறான். மச்சான் பின்பக்கம் கதிரையில் இருந்து பழைய றேடியோ ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“வா மச்சான். என்ன இந்த வெயிலுக்கை? சாகப் போறன் எண்டு சொல்ல வந்தனியோ?”

நான் நின்றபடியே சொன்னேன். இருந்தால் சொல்லமாட்டேன் என்று பயமாக இருந்தது. அவன் திருகாணிச் சாவியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அப்ப அப்பர் வைச்சவரோ?”

“ஓம்.”

“வடிவாச் சொல்லு. எப்பிடி வைச்சிருந்தவர்?”

“ரெண்டு பாலைத் தடி. குறுக்கை. மேலை ஒரு கல்லு.”

“அவர் சொன்ன மாதிரியே.”

“ஓம் மச்சான்.”

காலைப் பற்றிக் கேட்பான் என்று ஆயத்தமாகப் போயிருந்தேன். நானே அந்தக் கதையை எடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினான்.

“காலை விடு. அது போய் அறுவது வருசம். அந்தாள் செத்துக் கிடக்கேக்கை ஒரு பிடி மண் நான் போடேல்லையடா. அதுக்கு நீ என்ன செய்யப் போறாய்?”

எழுதுகிறேன், கோயிலில் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன் என்றேன்.

“எழுது. அவர் எழும்பி வந்து வாசிப்பாரோ?” என்றான். பிறகு றேடியோவைத் திரும்ப எடுத்துக்கொண்டு, “பஸ் வரப் போகுது. போ” என்றான்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்தபின் கோயிலில் சொன்னேன். சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். வெளியில் ஒருவர் என் தோளைத் தட்டி, சின்ன வயதில் எல்லோரும் செய்வதுதான் என்றார். அந்த வசனம் எனக்கு இன்றுவரை அருவருப்பாக இருக்கிறது. மலருக்கு வேறொருவரிடம் எழுத்து வாங்கிக்கொள்வதாகச் சுவாமி பணிவாகச் சொன்னார்.

இந்தக் கார்த்திகையில் ஆத்துமாக்கள் திருநாளன்று விடிய மண்வெட்டியும் மெழுகுதிரிகளும் எடுத்துக்கொண்டு சேமக்காலைக்குப் போனேன். மாமாவின் குழி பின்பக்கத்தில். அதற்குப் பற்றைகளுக்கு நடுவே நான் வருடா வருடம் வெட்டிவைத்த ஒற்றையடிப் பாதை போகிறது. முதல் நாள் மழை பெய்து மண் ஈரமாக இருந்தது. பாதையில் ஒரு வலது கால் செருப்பின் அடையாளம், பக்கத்தில் ஊன்றுகோல் குத்திய வட்டக் குழி, பிறகு மறுபடி செருப்பு. அவை மாமாவின் குழிப் பக்கம் போய்த் திரும்பியிருந்தன. தூரத்தில், செதுக்கிய புல்லும் புதிதாகப் போட்ட மணலும் தெரிந்தன.

பாதையின் வாயில் இரண்டு பாலைத் தடிகள் குறுக்காகக் கிடந்தன. மேலே ஒரு கல்.

ஒரு வழி வேண்டாம் என்று குறி வைப்பவன், தான் அந்த வழியில் போய் வந்தவன் என்பது பதின்மூன்று வயதில் எனக்கு விளங்கியிருக்கவில்லை. குனிந்து பார்த்தேன். கை படாமல் நிமிர்ந்தேன். கொளுத்தாத மெழுகுதிரிகளோடு வீட்டுக்குத் திரும்பினேன். அவை இன்னும் அலுமாரிக்குள் இருக்கின்றன.