குழலுக்குப் பிடித்த தோட்டா

அக்காவின் ரைபிளுக்குப் புதுக் குழல் போட்ட பிறகு எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, அதற்கு எந்தத் தோட்டா பிடிக்கும் என்பதுதான். அக்காவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து சுடக் கற்றுக்கொண்டவள். பிறகு வங்கி வேலை, மாற்றல், ஓய்வு எல்லாவற்றுக்கும் நடுவில் சுடுவதை மட்டும் விடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் அவள் மாடியில் இருக்கிறாள், நானும் என் மனைவியும் கீழே. இந்த வருடமும் மாநிலப் போட்டியில் மூத்தோர் பிரிவில் சுட வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுடைய வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது என்பது என் கவலை.

எனக்குச் சுட வராது. கார் ஓட்டுவேன், அவள் படுத்துச் சுடுகிற பாயைச் சுமப்பேன், ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் தாளைத் தொலைநோக்கி வழியாகப் பார்த்து எங்கே விழுந்தது என்று சொல்வேன். சுடப் போகிற ரேஞ்சில் என்னைப் பலருக்கும் "மேடத்தோட தம்பி" என்றுதான் தெரியும். நானும் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன்தான். அதை அங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது?

தோட்டா தேர்ந்தெடுப்பது என்றால் கடைக்குப் போய் நல்லதாக ஒரு டப்பா கொடுங்கள் என்று கேட்கிற வேலை இல்லை. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் ஒரு தடவை செய்து இறக்கியது ஒரு லாட், அடுத்த தடவை செய்தது வேறு லாட். பொன்னி அரிசி மாதிரி. ஒரே கடையில் வாங்கினாலும் ஒரு மூட்டை உதிரியாக வரும், அடுத்த மூட்டை குழைந்துவிடும். ஒரு குழலுக்குப் பிடித்த லாட் பக்கத்துக் குழலுக்குப் பிடிக்காது. எது பிடிக்கும் என்று சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துச் சொன்னால் ரைபிள் சங்கத்தில் வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக வரவழைத்துக் கொடுப்பார்கள். அதுவரை லாட்டுக்கு ஒரு நிறமாக நீலம், பச்சை, சிவப்பு என்று சில டப்பாக்கள் மாதிரிக்கு வரும்.

அக்கா அதோடு நிற்க மாட்டாள். தோட்டாவின் அடியில் பித்தளை விளிம்பு ஒன்று இருக்கும். அதன் தடிமன் தோட்டாவுக்குத் தோட்டா மயிரிழை வித்தியாசப்படும். அதையும் அளந்து ஒரே தடிமனுள்ளவற்றைத் தனியாக எடுத்து வைப்பாள். கீரை ஆய்கிற மாதிரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வருடக்கணக்காக அவளே செய்த வேலை. இந்தத் தடவை மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"நீ அளந்து சொல்லுடா. நேக்குக் கண்ணு சரியாத் தெரியல."

"போன மாசம்தானே கண்ணாடி மாத்திண்டே?"

"அந்தக் கண்ணாடிதான் சரியில்லங்கறேன். உக்காரு."

உட்கார்ந்தேன். அளக்கும் கருவியில் தோட்டாவைச் செருகும்போது எனக்கே கை கூசியது, அத்தனை சின்னது. அவள் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு நான் சொல்லச் சொல்லக் கேட்டாள். நான் தப்பாகப் படித்தால் அங்கிருந்தே திருத்தினாள். கண் தெரியாதவள் எப்படித் திருத்துகிறாள் என்று கேட்க வாய் வரை வந்தது. அடுத்த தோட்டாவை எடுத்தேன்.

எங்கள் ரேஞ்சில் ஒரு மரியாதை உண்டு. யாருக்காவது சுடுவது இறங்கிவிட்டால் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். தோட்டா ஒத்துவரவில்லை என்பார்கள். கண்புரை முற்றிய ஒருவருக்கு அறுவை சிகிச்சை ஆகும் வரை லாட்தான் சரியில்லாமல் இருந்தது. மனைவி இறந்த மூன்றாம் வாரமே வந்து சுட்டவருக்கு ஈரக்காற்றில் தோட்டா மாறிவிட்டது. கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அது ஒரு நாகரிகம் என்று நான்கூட மெச்சியிருக்கிறேன். என் அக்காவுக்கே அதைச் செய்தபோதுதான் எரிச்சலாக வந்தது.

புதுக் குழலில் எந்த லாட்டைப் போட்டாலும் தாளில் கோலப்பொடி சிந்தின மாதிரி சிதறியது. ரேஞ்சைப் பார்த்துக்கொள்கிறவர் தாளைக் கையில் வாங்கிப் பார்ப்பார். அவர் ஆதம்பாக்கத்திலிருந்து வருகிறவர். எங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம்.

"இது ஒங்களுக்கு செட்டாவல மேடம். பச்ச டப்பால வேற லாட்டு வந்துகினு கீதாம். வரட்டும், பாக்கலாம்."

"அதான் நானும் நெனச்சேன்" என்பாள் அக்கா.

பச்சை வந்தது, போனது. சிவப்பு வந்தது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பக்கவாட்டில் கரி ஏறியிருக்கிறது, இந்த லாட் குழலில் சரியாக உட்காரவில்லை என்று விளக்கம் சொன்னாள். நானும் கூட்டை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினேன். கரியாவது ஒன்றாவது. தொலைநோக்கியில் பார்க்கிறவன் நான். விசையை இழுக்கிற நேரத்தில் அவள் விரலைப் பார்க்கக் கூடாது என்று நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் போகலாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். தேனாம்பேட்டை சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். பச்சை விளக்கு விழுந்ததும், "கிளப்பு, பின்னாடி ஹார்ன் அடிக்கறான்" என்றாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் என் மனைவியிடம், நான் வர வர அப்பா மாதிரி ஆகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் அப்பா எல்லாரையும் டாக்டரிடம் அனுப்புகிறவர், தான் மட்டும் போகாதவர்.

கடைசியில் சங்கத்திலிருந்து கேட்டுவிட்டார்கள். எந்த லாட் வேண்டும் என்று இந்த வாரத்துக்குள் சொன்னால்தான் உண்டு. தோளில் வைத்துச் சுட்ட தாள்களை எல்லாம் மேஜையில் பரப்பிப் பார்த்தோம். எல்லா லாட்டும் ஒரே மாதிரி மோசம். அதில் எதைச் சொல்வது? இப்படி ஆனால் ஒரே வழிதான். ரைபிளைப் பெஞ்சில் இரும்பு வைஸில் இறுக்கிவிட்டு, ஆள் தொடாமல் சுட்டுப் பார்ப்பது. அப்போது குழலும் தோட்டாவும் மட்டும்தான் பேசும். ரேஞ்சில் அந்த வைஸ் எப்போதும் இருந்தது. புதுக் குழல் போட்டவர்கள் முதல் நாளே அதில்தான் மாட்டுவார்கள். அக்கா இத்தனை மாதமாக அதன் பக்கமே போகவில்லை. "படுத்துச் சுடப்போறது நான், வைஸா?" என்று கேட்டுவிடுவாள்.

அன்று ரேஞ்சுக்குப் போனதும் அவளே சொன்னாள். "வைஸ்ல போடுங்கோ."

ஆதம்பாக்கத்துக்காரர் மாட்டினார். முதலில் சிவப்பு. நான் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். முதல் தோட்டா விழுந்தது. இரண்டாவது அதைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. மூன்றாவது எங்கே போனது என்று தேடினேன். அதே ஓட்டைக்குள் போயிருந்தது. பச்சையும் அப்படித்தான், கொஞ்சம் அகலம். நீலத்தைப் போட்டபோது மொத்தமும் சேர்ந்து ஒரே ஓட்டை. ஒரு துவரம்பருப்பை வைத்தால் மறைந்துவிடும்.

தாள்களைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார் அவர். வழக்கமாக ஏதாவது சொல்கிறவர், ஒன்றும் சொல்லாமல் வைஸைத் தளர்த்தப் போய்விட்டார். பாவம், என்னதான் சொல்வார்? குழல் நன்றாக இருக்கிறது, தோட்டா எல்லாமே நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது ஒன்றுதான். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாக நிதானமாகப் பார்த்தாள்.

"நீலம்" என்றாள். "நீலத்தையே எழுதிக்கச் சொல்லுங்கோ."

காரில் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்ட பிறகு, "அடையாறுல ஒரு நரம்பு டாக்டர் இருக்காளாமே, உன் ஆத்துக்காரி சொன்னா. அவகிட்ட டோக்கன் போடு" என்றாள்.

டாக்டர் எங்களைவிட ரொம்பச் சின்னவர். அக்காவைக் காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார், ஒரு டம்ளர் தண்ணீரை இன்னொன்றில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் மேஜையில் சிந்தியது. நடக்கவைத்துப் பார்த்தார். பிறகு, "பயப்பட ஒண்ணும் இல்ல மேடம். கை வேலை செய்யறப்போ வர்ற நடுக்கம் இது. சின்ன மாத்திரைதான், நல்லா கேக்கும்" என்று பேனாவை எடுத்தார்.

அவர் எழுதுவதற்கு முன்பே அக்கா அந்த மாத்திரையின் பெயரைச் சொன்னாள்.

டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க மெடிக்கல் லைனா?"

"இல்ல டாக்டர். நான் ரைபிள் சுடறவ. எங்களுக்கு அது ஆகாது. அதைச் சாப்பிட்டா கை அசங்காது, அதனால போட்டியில தடை. சுடறவா எல்லாருக்கும் அந்தப் பேர் தெரியும்."

டாக்டர் பேனாவை வைத்தார். "எவ்வளவு நாளா இருக்கு இந்த நடுக்கம்?"

"குழல் மாத்தறதுக்கு முன்னாடியே."

டாக்டருக்கு அது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. பழைய குழலே சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதை மாற்றியதும், பச்சைக்கும் சிவப்புக்கும் காத்திருந்ததும், மேஜையில் உட்காரவைத்து என்னை அளக்கச் சொன்னதும் எல்லாம் தெரிந்தேதான். நடுக்கத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நான்தான் அவளுக்காக மறைத்துக்கொண்டிருப்பதாக அல்லவா நினைத்திருந்தேன்? லிஃப்டில் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"தெரிஞ்சுண்டே எதுக்கு இத்தனை லாட்டை வாங்கினே?"

"ஒரு லாட்டைப் பாத்து முடிக்கற வரைக்கும் சுடலாமோல்லியோ" என்றாள். "டாக்டர்கிட்ட வந்தா அந்த மாத்திரையைத்தான் எழுதுவா. அப்புறம் நான் என்ன பண்றது?"

நான் ஒரு யோசனை சொன்னேன். மூத்தோர் பிரிவில் யார் வந்து சோதனை செய்யப்போகிறார்கள், பேசாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சுடேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் படியிறங்கியே போயிருக்கலாம். "யாருக்குத் தெரியாட்டாலும் நேக்குத் தெரியுமோல்லியோ" என்று மட்டும் சொன்னாள். லஸ்ஸில் மெட்ரோவுக்காக அடைத்து வைத்திருந்த தகரத்தைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

மாத்திரையை வாங்கினாள். சாப்பிடவில்லை. அட்டையைக் கிழிக்காமல் அப்படியே வைத்திருந்தாள். நீல லாட் வந்ததும் மாநிலப் போட்டிக்குப் போனாள். நான் வழக்கம்போலப் பாயைச் சுமந்தேன். சில தோட்டாக்கள் நடுவிலேயே விழுந்தன, சில எங்கேயோ போயின. தோட்டாவையோ காற்றையோ அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாத் தோட்டாவையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். பட்டியலில் அவள் பெயர் கடைசிக்கு ஒன்று முன்னால் இருந்தது. தேடிக் கண்டுபிடித்துப் பார்த்துவிட்டு, "சரி, போலாம்" என்றாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. அவளைவிட மோசமாகச் சுட்ட அந்த ஒருவரின் மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். தலை கொஞ்சம் சுற்றுகிறது என்று சில நாள் படுத்திருந்தாள். டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். மாதக் கடைசியில் ஒருநாள் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து இறங்கி வந்து என் முன்னால் நின்றாள். வலது கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாருடா."

பார்த்தேன். விரல் நுனி வரை அசைவே இல்லை. சந்தோஷத்தில் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். அவள் கையைத் தாழ்த்தவில்லை. விசையை இழுக்கிற விரலை மட்டும் மெதுவாக மடக்கிப் பார்த்தாள்.

"இப்போ சுட்டா அத்தனையும் நடுவுலயே விழும்டா" என்றாள். சொல்லிவிட்டு, என் எதிரிலேயே அழுதாள்.